மரியபுஷ்பத்தின் நிறம்

"டீச்சர், என் பொண்டாட்டி என்ன நிறம்னே எனக்கு மறந்துபோச்சு."

சொன்னவர் சவரிராயன். வயது அறுபத்து நாலு, ஸ்டுடியோக்காரர். கேட்டுக்கொண்டிருந்த ஜுலைகாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பாளையங்கோட்டை ஸ்டுடியோக்காரர்களில் பாதிப் பேர் அவளுடைய கலர் லேபில் உட்கார்ந்துதான் படம் திருத்தப் படித்தார்கள். அதனால் நரைத்த தலைகளுக்கும் அவள் டீச்சர்.

"நாளைக்கு அவளுக்கு முப்பதாம் நாள் பூசை. படம் வைக்கணும்."

"உங்ககிட்டயா படத்துக்குப் பஞ்சம், அண்ணாச்சி?"

"நானூறு படம் இருக்கு. ஒண்ணுலகூட அவ இல்ல."

அது அவருடைய கைப்பழக்கம். பெண் முகம் திரைக்கு வந்தால் போதும், யாரும் கேட்காமலே வெளுப்பை ஏற்றிவிடுவார். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவர் கையால் வெளுத்தவர்கள்தான். கட்டின மனைவியையாவது விட்டிருக்கலாம், மனுஷன்.

ஜுலைகா ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, நிற முறைகள் இருக்கும் புரொஃபைல் பட்டியலைப் பார்த்தாள். கேமராவின் நிறங்கள் எதுவும் அதில் இல்லை.

"இதெல்லாம் திருத்திச் சேமிச்ச ஜேபெக். வெளுத்தது வெளுத்ததுதான். கேமரா பிடிச்ச மாதிரியே இருக்குற ரா ஃபைல் ஒண்ணுகூடவா இல்ல?"

சவரிராயன் பையைத் துழாவி ஒரு பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்தார்.

"ஒண்ணு கிடக்கு. புதுக் கேமரா வாங்குன அன்னைக்கு, வெளிச்சம் பாக்க அவளை ஜன்னலோரம் உக்காரவச்சு எடுத்தேன். அது படமே இல்ல டீச்சர். டெஸ்டு."

"அதைக் கொடுங்க."

புரொஃபைல் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக நாலு கட்டம். அதை அமுக்கினாள். கேமராவின் நிறங்கள் வரிசையாக வந்து நின்றன. ஸ்டாண்டர்ட், போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப், நியூட்ரல்.

"இத்தனை வருசமா இது இங்கயா இருந்துச்சு?"

"இங்கதான் இருந்துச்சு."

ஒன்றில் மரியபுஷ்பம் சிவந்திருந்தாள். ஒன்றில் மஞ்சள் பூத்திருந்தாள்.

"இதுல எது டீச்சர் அவ?"

"முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தது நான் இல்லையே."

சவரிராயனுக்கு அழுகை வந்தது. நாலு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தெரியவில்லை.

"ஒவ்வொரு படத்தையும் காட்டும்போது ஒண்ணுதான் கேப்பா. 'யாருங்க இது?'ம்பா. வேடிக்கைக்குக் கேக்கான்னு நானும் சிரிப்பேன்."

 ஜுலைகா எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. பிறகு படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். மரியபுஷ்பத்தின் தாடையை நிமிர்த்திப் பிடித்தபடி ஒரு கை. அந்தக் கையை எடுப்பதற்குள் கேமராவின் டைமர் அடித்துவிட்டது.

"இது யார் கை?"

"என் கைதான்."

"அதைத் திரைக்குப் பக்கத்துல வைங்க."

வைத்தார். அவள் நிறங்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். முதல் மூன்றும் சேரவில்லை. நாலாவதில் இரண்டு கைகளும் ஒரே கையாயின.

"கையை எடுக்காதீங்க, அண்ணாச்சி. இப்போ முகத்தைப் பாருங்க."

பார்த்தார்.

கருத்த முகம். கண்ணுக்குக் கீழே இன்னும் கருப்பு. வலது கன்னத்தில், அவர் ஒவ்வொரு படத்திலும் அழித்துவந்த மங்கு.

திரையோரம் இருந்த கை அந்த மங்கின் மேல் போய் நின்றது.

"யாரும்மா இது?" என்றார்.