ஆளவந்தான் வாசல் குப்பை

கோடியூர் மன்னர் செல்வமாறனுக்கு ஒரு பழக்கம். வெளியூரில் எதைப் பார்த்தாலும் அதை மறுநாளே தம் ஊரில் செய்தாக வேண்டும். ஒரு முறை மாமனார் ஊருக்குப் போய்வந்தார். பல்லக்கிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, "நம் தெருக்கள் ஏன் இப்படி நாறுகின்றன?" என்று கேட்டார். அதுவரை அந்த நாற்றம் யார் மூக்குக்கும் எட்டியதில்லை. அரசர் கேட்ட பிறகு அவையில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

சபையைச் சிரிக்கவைத்துப் பிழைப்பவன் ஆளவந்தான். அவனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுக்கு மூன்று கூடை வைக்கலாம் என்றான். ஈரக் குப்பை வயலுக்கு எருவாகும். காய்ந்த குப்பை குயவர் சூளையில் எரியும். உடைந்த சட்டி பானை சாலைப் பள்ளத்தை நிரப்பும். தினமும் காலையில் ஊர்ச்சபையின் குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வந்து அள்ளிப் போகும்.

அரசர் மகிழ்ந்துபோனார். தம் பக்கத்து ஆசனத்தை அவனுக்கே கொடுத்தார். கூடவே ஓர் ஆணையும் போட்டார். "கூடை யார் வாசலில் இருக்கிறதோ, அதில் கிடப்பதெல்லாம் அவருடையது. கலந்து போட்டவர் ஒரு வருடம் குப்பை வண்டி இழுக்க வேண்டும். யாராக இருந்தாலும் சரி."

ஊர் படாத பாடு பட்டது. தேங்காய் ஓடு காய்ந்ததா, உடைந்ததா? சாப்பிட்ட இலை காலையில் ஈரமாக இருக்கிறது, மாலையில் காய்ந்துவிடுகிறது, கூடை மாற்ற வேண்டுமா? கேட்க வந்தவர்களிடம் ஆளவந்தான், "ஆடு தின்றால் ஈரம், அடுப்பு தின்றால் காய்ந்தது, காலைக் குத்தினால் உடைசல்" என்று சொல்லியனுப்பினான்.

அந்தப் பக்கத்து ஆசனம் அதுவரை மந்திரி வீரசிங்கராயருடையது. அது போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் விடிந்ததும் ஆளவந்தான் மனைவி நாச்சியாள் கோலம் போடக் கதவைத் திறந்தாள். கூடைகள் மூன்றிலும் எலும்பு, சாம்பல், எச்சில் இலை, ஓட்டுத்துண்டு எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. அவள் புருஷனைக் கூப்பிடுவதற்குள் வண்டி வந்துவிட்டது. வண்டியோடு, என்றும் வெயில் ஏறும்வரை தூங்கும் மந்திரியும் வந்தார்.

"அடடா, ஊருக்கு உபதேசம் செய்தவர் வாசலா இது?" என்றார். உச்சிப்பொழுதுக்குள் அதில் ஒரு கூடையோடு சபைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆளவந்தான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஊரைச் சிரிக்கவைத்தவனுக்கு, வண்டி இழுக்கும் தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பதை நினைக்கவே பொறுக்கவில்லை.

"இது நம்ம வீட்டுக் குப்பை இல்லீங்க. நேத்து மந்திரி வீட்டுலதான் விருந்து" என்றாள் நாச்சியாள்.

"தெரியுதுடி. சாட்சி யாரு?"

"அந்த வீட்டு ஆளுங்க வாயைத் திறக்க மாட்டாங்க. அதுங்களே பாவம், ரெண்டு நாளா வீட்டைத் தலைகீழாப் புரட்டுதுங்க. மந்திரி சம்சாரத்தோட வைரத்தோடு ஒண்ணு காணோமாம். திருகாணி கழண்டு எங்கயோ விழுந்துட்டுதாம். தோடு தொலைஞ்ச வீட்டுல குப்பையைச் சலிக்காம யாராவது வெளிய கொட்டுவாங்களா? நம்ம மேல இருக்கிற ஆத்திரத்துல மந்திரிக்கு அதுகூடத் தோணலை பாருங்க."

ஆளவந்தான் மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து முகம் கழுவப் போனான்.

சபையில் கூடையை நடுவில் வைத்தார்கள். அரசர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது உன் வாசல் கூடைதானே?"

"என் வாசல் கூடைதான், மன்னா."

"கலந்த குப்பைதானே?"

"நன்றாகவே கலந்திருக்கிறது."

மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

"தண்டனையை ஏற்கிறேன்" என்றான் ஆளவந்தான். "ஒரே ஒரு சந்தேகம். கூடையில் கிடப்பதெல்லாம் கூடைக்காரருடையது என்று ஆணையிட்டீர்கள். குப்பை மட்டுமா, எல்லாமுமா?"

"எல்லாமும்தான்."

"பிறகு வேறு யாரும் உரிமை கேட்டு வர முடியாதே?"

"வர முடியாது."

"அப்படியானால் வண்டி இழுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை."

சொல்லிவிட்டுக் கையை முழங்கை வரை குப்பைக்குள் விட்டுத் துழாவினான். எதையோ எடுத்து வேட்டியில் துடைத்தான். உள்ளங்கைக்குள் பொத்தி, விரலிடுக்கில் எட்டிப் பார்த்தான்.

"பளபளவென்று இருக்கிறது. நாச்சியாளுக்கு ஒரு காதுக்கு ஆயிற்று. நாளைக்கும் யாராவது புண்ணியவான் கொட்டினால் மறு காதுக்கும் ஆகிவிடும்."

மந்திரி ஆசனத்திலிருந்து துள்ளி எழுந்தார். "கொடுடா அதை. அது என் மனைவியின் வைரத்தோடு."

அரசர் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார்.

"ராயரே, உம் மனைவியின் தோடு இவன் வீட்டுக் குப்பைக்குள் எப்படிப் போயிற்று?"

"அது வந்து... ஆட்கள் இருட்டில் அவசரமாகக் கொட்டும்போது..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பயன், சொல் வெளியே வந்துவிட்டதே.

ஆளவந்தான் கையை விரித்தான். உள்ளே ஒரு புளியங்கொட்டை இருந்தது.

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நெற்றிக்கு இறங்கிவிட்டது. நாச்சியாளுக்கு ஒரு ஜோடி வைரத்தோடு கொடுக்கும்படி பொக்கிஷக்காரரிடம் சொன்னார். வண்டியை ராயர் இழுக்கட்டும் என்றார்.

மந்திரிக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்படியென்றால் என் வீட்டுத் தோடு எங்கேதான் போயிற்று? அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

ஆளவந்தான் குப்பை வண்டி மணியைப் பணிவோடு அவர் கையில் கொடுத்தான்.

"ஊர்க் குப்பையெல்லாம் இனி உங்கள் கை வழியாகத்தான் போகும், ஐயா. ஒரு வருடம் இருக்கிறது. நிதானமாகத் தேடுங்கள்."