நூற்றுக்கு நூறு வாங்கிய யோசனை

கோவை பீளமேட்டில் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று. முதலாளி தண்டபாணி திடீரென்று ஒரு மென்பொருள் வாங்கி வைத்தார்.

"இனி எல்லாரும் தினமும் ஒரு புது யோசனையை இதுல ஏத்தணும். எவ்வளவு நேரம் மிச்சமாகும்னு பார்த்து மெஷினே மார்க் போடும். முதல் மார்க் வாங்கினதை மறுபேச்சில்லாம நிறைவேத்துவேன்!"

ஒரு யோசனையை ஏற்ற அந்த மென்பொருள் நாற்பது கேள்விகள் கேட்டது. பதில் தட்டியே பாதி நாள் போனது. மூன்று மாதமாகப் புதுக் கருவி ஒன்றுகூட வெளிவரவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள உருப்படியா ஒரு யோசனை வரலைன்னா ஆளை மாத்திருவேன்!" என்று கருவிகளைச் சோதிக்கும் பொற்கொடியிடம் சீறினார்.

"வந்துருமுங்க" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடினார்கள். திரையில் பொற்கொடியின் யோசனைக்கு நூற்றுக்கு நூறு! தண்டபாணி பூரித்துப்போய் உரக்க வாசித்தார்: "இந்த நாற்பது கேள்விகளை நிறுத்தினால் ஆளுக்குத் தினமும் நாலு மணி நேரம் மிச்சம்."

வாசித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என் மெஷினை வெச்சே என்னை மடக்கிட்டயேம்மா!"

"மெஷின் நல்ல மெஷின்தானுங்க. நாமதான் மூணு மாசமா அதுகிட்ட உண்மையைச் சொல்லலை."

தண்டபாணியும் சிரித்துவிட்டார். அன்றோடு கேள்விகள் ஒழிந்தன. அடுத்த மாதமே, கிணறு வற்றினால் விவசாயியின் செல்போனுக்குத் தகவல் சொல்லும் கருவியைப் பொற்கொடி செய்து முடித்தாள்.