பேசாத நேரத்து விளக்கு

"அந்தப் பிள்ளைக்கு விளக்கு கண்ணைக் குத்துதாம்" என்றார் காசிலிங்கம், வாசலிலேயே நின்றுகொண்டு.

"உள்ளே வாங்கண்ணே. மெதுவா. இப்பதான் கண்ணை மூடுறா."

உமையாள் குழந்தையின் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வழியாகச் செய்தி அனுப்பும் வித்தை அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். காசிலிங்கம் அவளைவிட இருபது வயது மூத்தவர். அவளிடம் படிக்க வந்தவர்.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் அவர் ஓர் எல்.இ.டி. விளக்கு மாட்டியிருந்தார். ஆசிரியை பேசப் பேச அது அணைந்து அணைந்து எரியும். அந்த வேகம் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சிமிட்டலை வாங்கி, பிள்ளைகளின் மேசைத் திரைகளில் பேச்சு எழுத்தாக வந்து நிற்கும்.

செவ்வந்தி என்ற சிறுமிக்கு மட்டும் தலைவலி. இரண்டு நாளாகக் கண்ணைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். இன்று சரியாகாவிட்டால் விளக்கைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள் பள்ளியில். கழற்றினால், பிள்ளைகள் எல்லோரும் பழையபடி ஆசிரியையின் வாயைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

"வேகம் பத்தலையோன்னு பத்து மடங்கு கூட்டிட்டேன். இன்னும் துடிக்குதுங்கிறா."

"டீச்சர் விடாம பேசுவாங்களா?"

"எப்படிம்மா? பேசுவாங்க, நிறுத்துவாங்க, போர்டுல எழுதுவாங்க."

"நிறுத்தும்போது விளக்கு என்ன செய்யும்?"

"அனுப்ப ஒண்ணுமில்லையே. பேசும்போதுதான் பாதி வெளிச்சம். நிறுத்தினா அணையாம, முழுசா, பளிச்சுன்னு எரியும். பாவம், சிமிட்டுறதுலேருந்து அதுக்கும் ஓய்வு வேணாமா?"

உமையாள் தூளிக் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"ஆட்டுங்க. பாடவும் செய்யுங்க."

"நானா? என் குரலுக்கு மாடு மிரளும்."

"அவ மாடு இல்ல. பாடுங்க."

அவர் பாடினார். மூன்றாவது வரி மறந்துபோய் நிறுத்தினார். கை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.

குழந்தை அசையவில்லை.

"பாட்டு நின்னுபோச்சு. முழிக்கலையே" என்றார்.

"முழிக்கலையா?"

சரிதானா என்று அவர் குனிந்து தூளிக்குள் எட்டிப் பார்த்தார். பார்க்கும் ஆவலில் கை நின்றது.

குழந்தை வீறிட்டது.

காசிலிங்கம் பதறிப்போய் மறுபடி ஆட்டினார். அழுகை விம்மலாகி, விம்மல் அடங்கியது.

இப்போது அவர் பாடவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் எவ்வளவோ, அந்தப் பக்கமும் அவ்வளவு.

தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, சொல்ல ஒண்ணுமில்லாதப்பவும் விளக்கு சிமிட்டிக்கிட்டே இருக்கலாமா? பேசினாலும் நிறுத்தினாலும் வெளிச்சம் ஒரே அளவா இருக்குமே."

உமையாள் கையை நீட்டினாள்.

"கயித்தைக் கொடுங்கண்ணே. பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள நீங்க போயாகணும்."