போகுமுன்னே திரும்பி வந்த குழு

வறட்சியை ஆராயும் நாடாளுமன்றக் குழுவின் தலைவர் வேதாசலம், கொடைக்கானலுக்கு ஆய்வுப் பயணம் ஏற்பாடு செய்தார். வறட்சி இல்லாத ஊரைப் பார்த்தால்தான் வறட்சி புரியும் என்பது அவர் வாதம். ஆனால் பயணம் செவ்வாய்க்கிழமை. அறிக்கையைத் திங்கட்கிழமையே அவையில் வைத்தாக வேண்டும்.

"போய்ப் பார்த்துட்டு வந்ததா இப்பவே எழுதும்மா. இல்லேன்னா உன்னை அந்தமானுக்கு மாத்திடுவேன்" என்றார் குமாஸ்தா செங்கமலத்திடம்.

செங்கமலம் எழுதினாள். தலைவர் கையெழுத்திட்டு அவையில் வைத்தார்.

செவ்வாயன்று உறுப்பினர்கள் பெட்டியோடு வந்து நின்றார்கள். வண்டி வரவில்லை.

"ரத்து பண்ணிட்டேன் சார்" என்றாள் செங்கமலம். "நீங்கதான் போயிட்டு வந்துட்டீங்களே. ஒரே ஆய்வுக்கு ரெண்டு தடவை போக விதியில்லை."

"நான் எங்கே போனேன்?" என்று தலைவர் வாயெடுத்தபோது, வழியனுப்ப வந்திருந்த நிருபர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பயணம் ரொம்பப் பயனுள்ளதா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.