மூன்று மிராசுதார்களும் சிப்பாய் கேட்ட கேள்வியும்

மருங்கப்பட்டி மிராசுதார்கள் ஏழுகுன்றத்துக்குக் குளிர்காற்று வாங்கப் போன கதை தெரியுமோ? பெரியவர் தம்புசாமி, தம்பி கனகசபை, மைத்துனர் நமசிவாயம். மூன்று பேர் மூளையையும் சேர்த்து அளந்தாலும் ஒரு பால்சங்கு நிறையாது. கூடப் போய் மாட்டிக்கொண்டவர் சமையற்காரர் ஏகாம்பரம், பாவம். ஊரில் அவர் மகள் செங்கமலத்துக்கு நிறைமாதம், அதுவும் தலைப்பிரசவம்.

போன நாலாம் நாளே அந்த மலைநாட்டு ராஜ குடும்பத்தின் அண்ணன் கட்சியும் தம்பி கட்சியும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டன. "குண்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் படுங்கள்" என்றார் விடுதி மேனேஜர். படுத்தார்கள். தரை சில்லிட்டது. மெத்தையையும் உள்ளே இழுத்தார்கள், இடம் போதவில்லை. கடைசியில் மெத்தைமேல் குப்புறப் படுத்துக் கட்டிலை முதுகில் சுமந்தார்கள். ஏகாம்பரம் அந்தக் கோலத்திலேயே இட்லி ஊட்டிவிட்டார்.

மறுநாள் சேதி வந்தது. மூன்று மணிமுதல் நாலுவரை சண்டை நிற்கும், அதற்குள் பாலம் தாண்டினால் அக்கரையில் பஸ். ஏகாம்பரத்துக்குப் போன உயிர் திரும்பியது.

பாலத்து முனையில் ஒரு சிப்பாய் மறித்தான். "எங்கே போறீங்க?"

தம்புசாமி அப்படியே நின்றுவிட்டார். "கிளம்புற நேரத்துல கேட்டுட்டானேடா! போற காரியம் உருப்படுமா?"

"உருப்படாது அண்ணே."

"அப்ப திரும்பிப் போயி, உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் கிளம்பணும்."

போனார்கள், உட்கார்ந்தார்கள், குடித்தார்கள், வந்தார்கள். "எங்கே போறீங்க?" என்றான் சிப்பாய்.

இப்படி மூன்று தடவை. மணி மூன்றே முக்கால். ஏகாம்பரம் சிப்பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கேக்காம விட்டுடேன்ப்பா!"

"கேக்கறதுக்குத்தானே என்னை நிறுத்தியிருக்காங்க?"

ஏகாம்பரம் யோசிக்கவில்லை. மூட்டையில் கல்லாகிக் கிடந்த மைசூர்பாகை எடுத்து அவன் வாயில் திணித்தார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன. மிராசுதார்கள் மிடுக்காக நடந்து, பாலம் தாண்டி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். அப்பாடா!

கண்டக்டர் தோல்பையோடு வந்தார். "எங்கே போறீங்க?"

மூவரும் ஒன்றாக எழுந்தார்கள். இறங்கி, பாலத்தின்மேல் விறுவிறுவென்று திரும்பி நடந்தார்கள்.

"எஜமான்! எஜமான்!" என்று படியில் நின்று தொண்டை கிழியக் கத்தினார் ஏகாம்பரம். மகள் முகம் நினைவுக்கு வந்தது. "மருங்கப்பட்டி ஒண்ணு குடுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பேத்தி பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சண்டையும் எப்போதோ ஓய்ந்துவிட்டது. இரண்டு கட்சிச் சிப்பாய்களும் ராசியாகி, விடுதி வாசலிலேயே ஆட்டோ ஓட்டுகிறார்கள். மிராசுதார்கள் தினமும் குளித்து, விபூதி பூசி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

"வாங்க சார், எங்கே போகணும்?"

உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கிறார்கள்.