ஜவ்வரிசிச் சிறை

கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், சுண்டுவிரல் உயரச் சீசாவுக்குள் என்சைம் எனப்படும் ஒரு நொதிக் கூட்டம் குடியிருந்தது. அதுகளுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. சிவப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்த சாதாரணச் சர்க்கரையைப் பிடித்து, அதன் உடம்பில் ஒரே ஒரு மடிப்பை மாற்றிவிடும். அவ்வளவுதான், அது அபூர்வச் சர்க்கரை! ஓர் அணு கூடாது, ஓர் அணு குறையாது.

ஒருநாள் அங்கே ஆய்வு செய்யும் ஜெசிந்தா பாதி நொதியை ஒரு குடுவைச் சர்க்கரைத் தண்ணீரில் அப்படியே ஊற்றினாள். மீதியைப் பழுப்புக் கடற்பாசியின் பிசினில் குழைத்து, கால்சியம் உப்புநீரில் சொட்டுச் சொட்டாக விட்டாள். விழுந்த சொட்டெல்லாம் நொதியை உள்ளே வைத்தபடி ஜவ்வரிசி மணிகள் போல இறுகின. அவற்றை இரண்டாவது குடுவையில் போட்டாள்.

"சீசா காலி, ரிஸ்வானா. இதுவும் வீணாப் போச்சுன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான்."

"வாயைக் கழுவு. இந்தச் சர்க்கரையில எங்க மாமிக்கு ஒரு பாயசம் வச்சுக் குடுக்கணும்னு இருக்கேன். சர்க்கரை வியாதி வந்து அவங்க இனிப்பைத் தொட்டு எவ்வளவு நாளாச்சு! இதுன்னா அவங்களுக்கு ஆகும்."

முதல் குடுவை நொதிகள் நீந்தின, குதித்தன, கண்ணாடி வழியே பழிப்புக் காட்டின. "என்னப்பா, உள்ளே காத்து வருதா? சாப்பாடு மணியடிச்சுப் போடுவாங்களா?"

ஜவ்வரிசி மணிக்குள் இருந்த நொதி ஒன்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னை அடைத்த பிசின் சுவரிடம் பாய்ந்தது. "ஏய் சுவரே! சர்க்கரை வருது, போகுது. எனக்கு மட்டும் ஏன் வழி இல்லை?"



அப்போது வெளியே ஒரு குட்டிச் சர்க்கரை தயங்கி நின்றது. சுவரைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, "பெரியம்மா! நீங்களா?" என்று கூவியது.

"வாடி என் செவப்பி," என்றது சுவர். "உள்ளே போ. கோபக்காரன்தான், ஆனா வேலைக்காரன்."

நொதி திகைத்தது. "நீயும் பாசியா?"

"பாசியோட பிசின். அலை அடிக்கிறப்போ பாசி வளையும், பிய்ஞ்சு போகாது. அந்தப் பிடி நான்தான்."

வேலை முடிந்தது. முதல் குடுவையின் இனிப்பைப் பாகாக்க ரிஸ்வானா அடுப்பில் ஏற்றினாள். சர்க்கரையோடு கலந்திருந்த நொதிகளைப் பிரிக்க வழியில்லை. "டேய், சுடுதுடா!" என்றது ஒன்று. அப்புறம் சத்தமே இல்லை.

இரண்டாவது குடுவைக்குத் தேநீர் வடிகட்டியே போதும். இனிப்பு கீழே இறங்க, மணிகள் மேலே தங்கின. அடுத்த வேலைக்குமுன் கழுவ வேண்டும். ரிஸ்வானாவின் கை, எதைக் கழுவினாலும் எடுக்கும் பழக்கத்தில், பாஸ்பேட் கரைசலை எடுத்தது.

சுவர் நடுங்கியது. "அது என் கால்சியத்தை எல்லாம் பிடுங்கிடும். நான் கரைஞ்சு போவேன். நீ கேட்ட வழி கிடைச்சுடும், போ."

"எனக்கு வழியே வேண்டாம்! விட்டுடாதே!"

"நானா விடமாட்டேன்டா."

புட்டி சாய்ந்தது. முதல் சொட்டு வடிகட்டியின் ஓரத்தில் விழுந்தது. அங்கிருந்த மணி ஒன்று கொழகொழத்துச் சரிந்தது.

"அடிப் பாவி, பாஸ்பேட்டுடீ!" ஜெசிந்தா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "போன தடவை அத்தனையும் கஞ்சியாப் போனது மறந்துடுச்சா?"

ரிஸ்வானா புட்டியைத் தள்ளி வைத்தாள். கால்சியம் நீரில் மணிகளை அலசி, புதுச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டாள். இருவரும் காத்திருந்தார்கள். அளவுக் கருவியின் திரையில் அபூர்வச் சர்க்கரையின் கோடு மெல்லத் தலைதூக்கி, முதல் சுற்றில் நின்ற உயரத்துக்கே ஏறி நின்றது.

"அதே நொதி, ரெண்டாந் தடவையும் வேலை செய்யுது!" ஜெசிந்தா திரையைத் தட்டிக் காட்டினாள்.

ரிஸ்வானா ஒரு மணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "பாரேன், ஜவ்வரிசி மாதிரி இருந்துக்கிட்டு..."

உள்ளே ஒரு நொதி அடுத்த சர்க்கரைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது: "வா வா, தயங்காதே. எங்க பெரியம்மா வீடுதான்!"