ஓராப்பாரின் தரப்பு

உமையம்மையின் மடத்தில், உட்காரச் சொன்னாலும் உட்காராத சீடர் ஒருவர் இருந்தார். பெயர் சிவசைலம். கடலாராய்ச்சி நிலையத்தில் பெரிய பதவி. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மனைவி இறந்த பிறகு வெறும் வீட்டில் இருக்க முடியாமல் மடத்துக்கு வரத் தொடங்கியவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார்.

மடம் தேரிக்காட்டு மணல்மேடுகளின் ஓரத்தில் இருந்தது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பெருக்கப் பெருக்கச் செம்மணல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கச்சான் ஓயப்போகும் புரட்டாசியில் ஒரு நாள், சிவசைலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

உமையம்மை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "என்ன ஐயா?"

"எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு சொல் வேணும், அம்மா. ஒரே ஒரு சொல்."

"எதுக்கு?"

புன்னைத்துறை துறைமுகத்தின் வாசலில் கடலுக்கடியில் ஒரு பவளப் பாறைத் திட்டு. மீனவர் பேச்சில் பாறைத் திட்டு என்றால் பார்; ஓரா மீன் மேய வருவதால் இது ஓராப்பார். கப்பல் வழியை அகலப்படுத்த அதை உடைத்து அள்ளப்போகிறார்கள். உடைத்தால் இன்னும் நாலு தலைமுறைக்கு அது திரும்ப வளராது. சிவசைலம் கூட்டத்துக்கு மேல் கூட்டமாகப் பேசிப் பார்த்துவிட்டார். கடைசிக் கூட்டம் வெள்ளிக்கிழமை. சப்-கலெக்டர் அன்று முடிவு சொல்லிவிடுவார்.

"வளங்குன்றா வளர்ச்சின்னு சொன்னேன். துறைமுக இன்ஜினியர் காதுல வளர்ச்சி மட்டும்தான் விழுந்துச்சு. 'அதைத்தானே நாங்களும் செய்யறோம்'ங்கறார். மீன்பிடிக்கிறவங்க, 'இப்படிப் பெரிய வார்த்தை போட்டுத்தான் எங்களை வெளியேத்துவாங்க'ன்னு எழுந்து போயிட்டாங்க."

"இன்ஜினியர் என்ன கேக்கறார்?"

"வேற என்ன? பெரிய கப்பல். பெரிய லாபம்."

"நீங்க இப்படிச் சொன்னதைக் கேட்டா, 'ஆமா, இதுதான் நான் கேக்கறது'ம்பாரா?"

சிவசைலம் நடையை நிறுத்தினார். "சண்டைக்கு வருவார்."

"அப்ப அது உங்க பேச்சு. அவர் பேச்சை வாங்கிட்டு வாங்க. அவரே ஆமாங்கற வரைக்கும் வாங்குங்க."

"மீன்காரங்க பேச்சு?"

"அதையும்."

"நான் சொல்ல வேண்டியது?"

உமையம்மை முறத்தைத் தட்டி உமியைப் பறக்கவிட்டார்.

மறுநாள் சிவசைலம் துறைமுகத்துக்குப் போனார். இன்ஜினியர் கிருபாகரன் அவரைக் கண்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மறுபடியும் பவளப்பாறையா சார்?"

"இல்ல. நீங்க சொல்லுங்க. நான் கேக்கத்தான் வந்தேன்."

கிருபாகரன் நம்பவில்லை. முதலில் சரக்கு, ஆழம், அகலம் என்று ஒப்பித்தார். சிவசைலத்துக்கு மறுத்துப் பேச நாக்கு துறுதுறுத்தது. மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அடக்கிக்கொண்டு, "உள்ளே வர இன்னும் பெரிய கப்பல் வேணும். அதுதானே?" என்றார்.

"இல்ல." கிருபாகரன் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. "வழி குறுகல். அதனால கப்பலை வெளியிலேயே, அலையில நிறுத்தி, அதை உள்ளே ஓட்டிட்டு வர எங்க பைலட் படகுல போய் ஏறுறார். கயித்து ஏணி. கச்சான்ல படகு ஒரு ஆள் உயரம் தூக்கிப் போடும். போன ஆடியில ஒருத்தர் பிடியை விட்டுட்டார். அவர் வீட்டுக்கு நான்தான் போய்ச் சொன்னேன்."

"பாதுகாப்புக் காரணங்கள்."

"அது ஃபைல்ல எழுதற வார்த்தை சார்."

சிவசைலம் யோசித்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஏணியில ஏறுற ஆள் விழக்கூடாது. இனிமே ஒரு வீட்டுக்கு நீங்க அப்படிப் போகக்கூடாது."

கிருபாகரன் ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினார். பிறகு, "ஆமா. அதுதான்" என்றார்.

அங்கிருந்து சிவசைலம் நேரே வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்த கரைக்குப் போனார். நாட்டுப்படகுச் சங்கத்தின் தலைவர் தொம்மை பர்னாந்து வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நாங்க வரல. சொல்லிட்டோம்லா?"

"வர வேண்டாம் அண்ணாச்சி. உங்க கவலையைச் சொல்லுங்க. சரியாப் புரிஞ்சுக்கிட்டுப் போயிடறேன்."

"புரிஞ்சு என்ன செய்யப் போறிய?"

"பார் போனா மீன் போயிரும். பிழைப்புப் போயிரும். அதானே?"

தொம்மை சிரித்தார். "மீன் போனா மீன் பின்னால நாங்களும் போவோம். எங்க அப்பன் காலத்துல இருந்து அப்படித்தான். ஆனா போற இடம் ஆழக்கடல். இந்த வள்ளத்துலயா? பாருக்கு உள்பக்கம் அலை அடங்கிக் கிடக்கும். வயசானவன், பழகுற பய, எல்லாவனும் அங்கதான் வலை போடுதான். பாரை உடைச்சா அவன் எங்க போவான்? போனா வருவானா?"

காற்று தொம்மையின் கையிலிருந்த வலையைத் தூக்கிச் சுருட்டியது. சிவசைலம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"போனவன் வீடு திரும்பணும்" என்றார்.

தொம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா. இதை யாரு உங்களுக்குச் சொல்லித் தந்தா?"

"இன்னிக்கு இதை ரெண்டாவது ஆள் வாயால கேக்கறேன்."

"மொத ஆள் யாரு?"

சிவசைலம் சொன்னார். தொம்மை வலையைக் கீழே போட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்தார்.

கூட்டத்தில் சிவசைலத்தின் பையில் இருபது வருட ஆராய்ச்சி இருந்தது. திரையும் தயாராக இருந்தது. அவர் பையைத் திறக்கவில்லை. எழுந்து, கிருபாகரன் சொன்னதைத் தொம்மைக்குச் சொன்னார். தொம்மை சொன்னதைக் கிருபாகரனுக்குச் சொன்னார். இரண்டு பேரும் இடையில் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. சிவசைலம் உட்கார்ந்துவிட்டார்.

கிருபாகரன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகத் தொம்மையிடம் நேரே கேட்டார். "பாருக்கு உள்பக்கம் அலை அவ்வளவு அடங்குமா?"

"வடக்கு ஓரத்துல குழந்தையத் தொட்டில்ல போடலாம். ஒங்க ஏணியக் கொண்டு போயி ஏன் அலை மூஞ்சியில தொங்கவிடுதிய?"

"அங்க கப்பல் நிக்க ஆழம் இருக்கா?"

"வாரும், காட்டுதேன்."

சப்-கலெக்டர் பேனாவை மூடி வைத்து முடிவைச் சொன்னார். கச்சான் ஓய்ந்தபின் இந்தக் கரையில் கடல் அமைதியாக இருக்கும்; பைலட் ஏற ஆபத்தில்லை. எனவே அடுத்த கச்சான் தொடங்கும் வரை பாரைத் தொடுவதில்லை. அதற்குள் வடக்கு ஓரத்தில் கப்பலை நிறுத்த முடியுமா என்று துறைமுகமும் மீனவரும் சேர்ந்து பார்ப்பது. முடியாவிட்டால் மறுபடி உடைக்கும் பேச்சு வரும்.

மற்றவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். சிவசைலம் பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே மடத்துக்கு வந்தார்.

உமையம்மை முற்றத்து மணலை வாரியலால் கூட்டிக்கொண்டிருந்தார். சிவசைலம் நடந்துகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டார். "நல்லதுதானே ஐயா? பிறகும் ஏன் நடக்கறீங்க?"

"தள்ளித்தான் வெச்சிருக்காங்க. காப்பாத்தல. ரெண்டு பேரும் மனுஷங்களைப் பத்திப் பேசினாங்க. ஓராப்பார் உயிரோட இருக்கு, அம்மா. அதுக்காக அங்க ஒருத்தரும் பேசல. பேசியிருக்க வேண்டியவன் நான். வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன்."

"பேசியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

சிவசைலம் மடமடவென்று சொன்னார். எந்தப் பவளம் எவ்வளவு மெதுவாக வளரும், எந்த மீன் எங்கே முட்டையிடும், எது அழிந்தால் எது அழியும். மூச்சு விடாமல் சொன்னார். உமையம்மை வாரியலைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"இதெல்லாம் எங்க இருந்து?"

"ஆராய்ச்சிக் கட்டுரைகள். என் மாணவங்க எடுத்த கணக்கு. செயற்கைக்கோள் படங்கள்."

"நீங்க கடைசியா கடல்ல இறங்கி அந்தப் பாரைப் பார்த்தது எப்ப?"

சிவசைலம் பதில் சொல்ல வாயெடுத்தார். மனைவி படுக்கையில் விழுவதற்கு முன்பு. அதற்கும் முன்பு, பதவி உயர்வுக்கு முன்பு. மனதுக்குள் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். நடை நின்றது.

உமையம்மை மறுபடி வாரியலை எடுத்தார்.

"காத்து ஓயுது ஐயா. தண்ணி தெளிஞ்சிரும். இறங்கிப் போய் அந்தப் பார்கிட்டயும் கேட்டுட்டு வாங்க."